முடிவு தெரிந்த நாவலை மறுபடி எடுப்பது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களையும் பலமுறை வாசித்துவிட்டேன், இன்னும் ஆசை தீரவில்லை. படிக்காத நூல்கள் எத்தனையோ இருக்க, படித்ததையே படிப்பது காலவிரயம் என்று வீட்டில் கடிந்துகொள்கிறார்கள். இது ஒரு குறையா?

பதில்: குறை என்று நான் கருதவில்லை. முதல் வாசிப்பில் நாம் கதையின் பின்னால் ஓடுகிறோம். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு பக்கங்களை விரைந்து புரட்ட வைக்கிறது. அந்த வேகத்தில், ஆசிரியர் வழிநெடுக வைத்துவிட்டுப் போகும் குறிப்புகளில் பல நம் கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் குறிப்பிடும் நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க அத்தியாயங்களிலேயே சோழநாட்டின் தனாதிகாரி பெரிய பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு ஒரு மூடுபல்லக்கு வருகிறது. அதன் திரை சற்றே விலகுகிறது. உள்ளே இருப்பவர் யார் என்பது கதைநாயகன் வந்தியத்தேவனுக்கும் தெரியாது. முதன்முறை வாசிப்பவரும் அவனோடு சேர்ந்து வியந்துவிட்டுக் கடந்துவிடுகிறார். மறுமுறை வருகிறவருக்கோ உள்ளே இருப்பவள் பழுவேட்டரையரின் இளைய மனைவி நந்தினி என்பதும், அவள் மனத்தில் எரியும் பகை எத்தகையது என்பதும், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனுக்குக் கடம்பூர் மாளிகையில் என்ன காத்திருக்கிறது என்பதும் முன்னமே தெரியும். அச்சில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் அந்தத் திரை இப்போது அசையும்போது நமக்குப் பதைக்கிறது.

தொடர்களின்மேல் பிரியம் கூடுதலாக உண்டாவதற்கு அவற்றின் நீளமும் ஒரு காரணம். அந்தக் கதை 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்தது. அன்றைய வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் அந்தப் பாத்திரங்களோடு பழகினார்கள். அப்படிப் பழகிய மனிதர்களை, அவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதற்காக மறுபடி சந்திக்காமலா இருக்கிறோம்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிடித்த அத்தியாயங்களை மட்டும் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தால் அதை மறுவாசிப்பு என்று சொல்ல மாட்டேன் (அதுவும் பாவமில்லை). நீங்கள் வழக்கமாகத் தாண்டிச் செல்லும் பகுதிகளை, உதாரணமாகச் சேந்தன் அமுதன் வரும் இடங்களை, ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கடைசியில் மணிமுடி யார் தலையில் ஏறுகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!

கேள்வி: இளமையில் உயிராக நேசித்த துப்பறியும் தொடர் ஒன்றை அண்மையில் மீண்டும் வாசித்தேன். முன்னுக்குப் பின் முரணான செய்திகள் கண்ணில் பட்டு உறுத்துகின்றன. பழைய பிரியம் போய்விடுமோ?

பதில்: போகாது என்பதற்கு ஷெர்லக் ஹோம்ஸின் வாசகர்களே சாட்சி. 1887இல் வெளியான முதல் நாவலில் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்குப் போரில் குண்டு பட்ட இடம் தோள்; 1890இல் வந்த இரண்டாவது நாவலில் அந்தக் காயம் காலுக்கு இறங்கிவிடுகிறது. ஆசிரியர் ஆர்தர் கோனன் டாயில் அதைச் சரிசெய்யவில்லை. தொடரை நேசித்தவர்கள் இதற்காக அதைக் கைவிட்டார்களா என்றால், இல்லை. இரண்டு குண்டுகள் பாய்ந்திருக்கலாம், ஒரே குண்டு இரண்டு இடங்களைத் துளைத்திருக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாக விளக்கம் எழுதி வருகிறார்கள். இத்தகைய பிழைகள் உண்மையில் பிரியத்துக்குத் தீனி போடுகின்றன.

ஆனால் வேறு வகைக் குறை ஒன்று உண்டு. ஓர் இனத்தையோ பெண்களையோ இழிவாகக் காட்டும் பகுதி, சிறுவயதில் கவனியாமல் கடந்துபோனது, இப்போது முள்ளாகக் குத்தினால், அதற்குச் சமாதானம் தேட வேண்டாம். அந்தப் பகுதி மோசமானது என்று ஒப்புக்கொண்டபடியே மற்றவற்றை நேசிக்க முடியும். முடியாமல் போனாலும் நட்டமில்லை, நூலை மூடி வைத்துவிடலாம்.

கேள்வி: தொடர் நாவல்களை எழுதப்பட்ட வரிசையில் வாசிப்பதா, கதை நிகழும் கால வரிசையில் வாசிப்பதா?

பதில்: முதன்முறை என்றால் எழுதப்பட்ட வரிசையில்தான். ஆசிரியர் எதை எப்போது வெளிப்படுத்துகிறார் என்பது கதையின் பகுதியே. ‘பார்த்திபன் கனவு’ முதலில் எழுதப்பட்டது. அதற்குப் பின் வந்த ‘சிவகாமியின் சபதம்’ அதற்கு முந்திய காலத்தில் நிகழ்வது. கால வரிசை என்று சபதத்திலிருந்து தொடங்குகிறவர், நரசிம்மவர்ம பல்லவரை இளவரசராக இருந்த நாளிலிருந்து அறிந்துகொண்டு கனவுக்குள் நுழைகிறார். அங்கே வரும் சிவனடியாரைச் சுற்றிக் கல்கி பின்னியிருக்கும் மர்மம் அவரிடம் அவ்வளவாக எடுபடாது. (இதற்குமேல் சொன்னால், இன்னும் வாசிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.) சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசைக்கும் இதே வழக்கு உண்டு: 1950இல் வெளிவந்த முதல் நூலுக்கு முந்திய கதையை அவர் 1955இல் வெளியிட்டார், பிற்காலப் பதிப்புகளோ அதை முதல் நூலாக வைத்துவிட்டன. இரண்டாம் முறை வாசிக்கும்போது வேண்டுமானால் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு நீண்ட தொடர் முடிந்ததும் மனத்தில் பெரும் வெறுமை உண்டாகிறது. பிறர் எழுதும் தொடர்ச்சிகளை வாசித்தால் அது தீருமா?

பதில்: அந்த வெறுமை உங்களுக்கு மட்டும் உரியதன்று. ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்கள் விடவில்லை. பாத்திரங்களின் பிற்கால வாழ்வு பற்றிய அவர்களுடைய கேள்விகளுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கோனன் டாயில் 1893இல் ஹோம்ஸைச் சாகடித்தே பார்த்தார். 1903இல் அவரை உயிரோடு திரும்ப அழைத்து வந்தார்.

பிறர் எழுதும் தொடர்ச்சிகளில் பெயர்கள் இருக்கும், ஊர்கள் இருக்கும். குரல் இருப்பது அரிது. அதைவிட, நாவலைச் சுற்றியுள்ளவற்றை வாசிப்பது எனக்கு நிறைவளிக்கிறது. ஆதித்த கரிகாலனின் கொலை தொடர்பாக ரவிதாசன், சோமன் ஆகிய பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிக்கப்பட்டதைச் சொல்லும் அரச ஆவணம் அது. நாவலில் ஆந்தைக் குரல் கேட்டுப் பழகிய சதிகாரன் ரவிதாசனைக் கல்லில் எழுத்தாகக் கண்டபின், சோழர் வரலாற்று நூல்களைக் கீழே வைக்க மனம் வராது.

கேள்வி: நான் கொண்டாடும் தொடரை என் மகள் சில பக்கங்களிலேயே மூடிவிட்டாள். எப்படி வாசிக்க வைப்பது?

பதில்: வைக்காதீர்கள். அவளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டு, அதன் முதல் பாகத்தை நீங்கள் வாசியுங்கள். சலித்தால் மூடிவிடும் உரிமை உங்களுக்கும் உண்டு.