குடல் நோய் வலிக்கு விஆர் சிகிச்சை: வாசகர் கேள்விகள்

குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய் அடங்கிவிட்டது என்கிறார் மருத்துவர். வயிற்றுவலி மட்டும் விடவில்லை. கண்ணில் மாட்டிக்கொண்டு நம்மைச் சுற்றி விரியும் காட்சிகளைப் பார்க்கும் விஆர் (மெய்நிகர்) கருவி உதவுமா?

உதவ வாய்ப்புண்டு. புண் ஆறினாலும், நெடுநாள் அழற்சியில் கூர்மையேறிய குடல் நரம்புகள் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வாயு நகர்வதுகூட வலியாகத் தெரியும். இது கற்பனை வலி அல்ல. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகுத்தண்டில் வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாயில் இருக்கிறது என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற வலி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கவனம், பயம், மூச்சு எல்லாமே அதைப் பாதிக்கும். விஆர் பயிற்சி அந்த வழியாக வேலை செய்வதாகக் கருதப்படுகிறது. 2021 நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 8 வார விஆர் திட்டம் ஒன்றை அனுமதித்தது. ஆனால் அது பெரியவர்களின் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மட்டுமே, குடல் நோய்க்கு அல்ல.

தொடங்கும் முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். அது ஒரு கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தால் அழற்சி இன்னும் இருக்கக்கூடும். முதலில் அதற்குத்தான் மருந்து.

வீட்டில் எப்படிச் செய்வது?

சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து, சாய்வு நாற்காலியில் முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து உட்காருங்கள். வயிற்றுத் தசை தளரும். இடுப்புப் பட்டியைத் தளர்த்திவிடுங்கள். முதல் வாரம் 5 நிமிடம் போதும், பிறகு 10, 15. ஒரு கையை வயிற்றில் வைத்து, 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடுங்கள். மார்பு அல்ல, வயிறு எழ வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: அழகான காட்சியைப் பார்த்தபடி மூச்சை மறந்துவிடுகிறார்கள். அப்போது கருவி கழற்றியதும் வலி திரும்பிவிடும். மூச்சும் பழகினால் கருவி இல்லாத நேரத்திலும் கைகொடுக்கும். வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் மாட்டாமல் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். முன்னும் பின்னும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதி வையுங்கள்.

மாட்டினால் குமட்டுகிறது.

கண் நகர்வைக் காண்கிறது, உள்காது அசைவில்லை என்கிறது. அந்த முரண்தான் காரணம். நீங்கள் நகர்ந்துபோகும் காட்சிகளைத் தவிர்த்து, நின்ற இடத்திலிருந்து பார்ப்பவற்றைத் தேர்ந்தெடுங்கள். லென்ஸ் இடைவெளியை உங்கள் கண்மணிகளின் இடைவெளிக்குச் சரிசெய்யுங்கள். குமட்டல் தொடங்கியதுமே கழற்றுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள்? பேஸ்மேக்கர் வைத்தவர்கள்?

மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கருவியில் காந்தங்கள் இருக்கலாம்.

வலி குறைந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. விஆர் அழற்சியைத் தொடுவதில்லை. நோய் மருந்து அப்படியே தொடர வேண்டும். வலி மாத்திரையைக் குறைப்பதானால் மருத்துவரோடு பேசி, படிப்படியாக. காய்ச்சல், மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வாந்தியோடு வாயுகூடப் பிரியாமை, தூக்கத்தில் எழுப்பும் புதுவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் கருவியை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.