நண்பரின் துப்பாக்கியும் உங்கள் விசாவும்: மான் வேட்டைக்குக் கிளம்பும் முன்

கேள்வி: எச்-1பி விசாவில் டல்லாஸில் வேலை செய்கிறேன். கொலராடோவில் வசிக்கும் நண்பர், அமெரிக்கக் குடிமகன், அக்டோபரில் மலைக்காட்டில் முகாமிட்டு மான் வேட்டையாட என்னையும் அழைக்கிறார். துப்பாக்கியும் உரிமமும் அவருடையவை. வாய்ப்புக் கிடைத்தால் நானும் ஒரு முறை சுட்டுப் பார்க்கலாம் என்கிறார். இதனால் என் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: நண்பருடன் நீங்கள் தாராளமாகப் போகலாம். முகாமில் தங்கலாம், அவரோடு நடந்து மானைத் தேடவும் செய்யலாம். ஆனால் உங்கள் பெயரில் வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இல்லாத வரை, அவருடைய துப்பாக்கியையும் தோட்டாக்களையும் நீங்கள் கையில் எடுக்கக் கூடாது. சுடுவதைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் உள்ள 922-ஆம் பிரிவு, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வேலைக்கான எச்-1பி, அவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4, மாணவர்களுக்கான எஃப்-1 விசாக்கள் எல்லாம் இந்த வகையில் அடங்கும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்கி வைத்திருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. சரிவில் ஏறும்போது நண்பர் “சற்றுப் பிடியுங்கள்” என்று நீட்டும் ரைஃபிளை வாங்கிக்கொள்வதும், அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ரைஃபிளும் தோட்டாக்களும் உங்கள் பொறுப்பில் கூடாரத்தில் இருப்பதும்கூட உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். இந்தக் குற்றத்திற்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022-இல் 10 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அதற்கும் மேலாக, துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டிக்கப்பட்ட வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டம் தனியாகவே இடம் தருகிறது.

இந்தத் தடைக்கு உங்களுக்குப் பயன்படும் விலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட வேட்டை உரிமம் தம்மிடம் இருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. இந்த ஒரு வரியைத்தான் பலரும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஏமாறுகிறார்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நண்பரின் உரிமம் அவரை மட்டுமே காக்கும். அது வேட்டை உரிமமாக இருக்க வேண்டும். மீன்பிடி உரிமம் உதவாது. அது நடப்பில் இருக்க வேண்டும். டெக்சஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும் என்பதால், சென்ற ஆண்டு வாங்கியதைப் பையில் வைத்துக்கொண்டு அக்டோபரில் கிளம்புவது உரிமமே இல்லாமல் கிளம்புவதற்குச் சமம். அது உண்மையான தகவல்களைக் கொடுத்துப் பெற்றதாகவும் இருக்க வேண்டும். கட்டணம் குறையும் என்பதற்காக நண்பரின் முகவரியைக் காட்டிக் கொலராடோவாசி என்று விண்ணப்பித்தால், அங்கே தொடர்ந்து ஆறு மாதம் வசிக்காத உங்களுக்கு அது பொய் வாக்குமூலமாகிவிடும். அப்படிப் பெற்ற உரிமத்தை முறைப்படி வழங்கப்பட்டது என்று சொல்லிக்கொள்ள முடியாது. எந்த மாநிலத்தின் வேட்டை உரிமமாக இருந்தாலும் கூட்டாட்சித் தடையிலிருந்து விலக்குக் கிடைக்கும். எனினும், டெக்சஸ் உரிமத்தைக் கொண்டு கொலராடோவில் ஒரு மானைக்கூடச் சுட முடியாது.

கொலராடோவில் மான் வேட்டை உரிமங்கள் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டவை. முதன்மைக் குலுக்கலுக்கான விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதைத் தவறவிட்டிருந்தால் இரண்டாம் குலுக்கலையோ எஞ்சிய உரிமங்களையோ பார்க்கலாம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் காட்ட வேண்டும். டெக்சஸில் பெற்ற சான்றிதழ் அங்கே செல்லும்.

கொலராடோவுக்குப் போகும் முன்பே பலர் சறுக்குவது துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தில்தான். பயணத்திற்கு முன் கை பழகலாம் என்று நண்பர்கள் வார இறுதியில் அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாடகைத் துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படிவத்தில் உங்கள் விசாவைப் பற்றிய கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடை அதேதான். லட்சக்கணக்கானோரை வேலை விசாவில் வரவழைக்கும் ஒரு நாடு, இதைத் தூதரக நேர்காணலிலோ விமான நிலையத்திலோ ஒரு துண்டுச் சீட்டிலாவது அச்சிட்டுத் தந்திருக்கலாம். உரிமம் விற்கும் மாநிலத் துறையைக் கேட்டால் அது கூட்டாட்சி விவகாரம் என்கிறது. கூட்டாட்சி அலுவலகமோ வேட்டை உரிமத்தைப் பற்றி மாநிலத்தைக் கேட்கச் சொல்கிறது. நடுவில் அலைக்கழிபவர் விசாவில் இருப்பவர்தான்.

இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். “உரிமம், துப்பாக்கி, வழிகாட்டி எல்லாம் எங்கள் பொறுப்பு, நீங்கள் வந்தால் போதும்” என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு அழைத்துச் செல்பவர்கள் கொலராடோவின் வேட்டை ஏற்பாட்டாளர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தேசியக் காடுகளுக்குள் தொழில் நடத்த வனத்துறையின் அனுமதியும் வேண்டும். பதிவு எண்ணையும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் கேளுங்கள்; தயங்குபவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வேறொருவர் பெயரில் உள்ள உரிமத்தை உங்களுக்குத் தருவதாகச் சொல்பவர் இவர்களிலும் மோசமானவர், ஏனெனில் உரிமம் கைமாறத் தக்கதல்ல. அதைக் கொண்டு சுட்ட மானின் இறைச்சியை மாநில எல்லை தாண்டி டல்லாஸுக்குக் கொண்டுவந்தால் சட்டவிரோதமாக வேட்டையாடியதை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டமான லேசி சட்டமும் உங்கள் மீது பாயும்.

ஆகவே முதலில் பயிற்சிச் சான்றிதழ், அடுத்து உங்கள் பெயரில் உரிமம், அதற்குப் பிறகே துப்பாக்கி என்ற வரிசையை மாற்றாதீர்கள். பயணம் முழுவதும் உரிமத்தை உடலோடு வைத்திருங்கள். அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-இன் நகலும் உடன் இருக்கட்டும். இடையில் வேலை போய், சட்டப்படி தங்கும் தகுதியையே இழந்துவிட்டால், உரிமம் கையில் இருந்தாலும் இந்த விலக்கு உங்களைக் காக்காது. அந்த நிலையில் துப்பாக்கி இருக்கும் முகாமுக்கே போகாதீர்கள். உரிமம் இந்த ஆண்டு கிடைக்காவிட்டால், ரைஃபிளும் தோட்டாக்களும் எந்நேரமும் நண்பரிடமே இருக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே பேசி உறுதி செய்துகொண்டு, தொலைநோக்கியுடன் அவருக்குத் துணையாகப் போய் வாருங்கள். துணைக்குப் போனாலும், சுடுபவர்கள் அணிய வேண்டிய ஒளிரும் ஆரஞ்சு மேலாடையையும் தொப்பியையும் நீங்களும் அணிந்துகொள்ளுங்கள்.