முடிவு தெரிந்த கதை

கேள்வி: சென்ற இதழில், பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மனிதர்களைப் பற்றிய ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்’ படத்தை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். அதற்கு முன் வந்த இரண்டு படங்களும் படுமோசம் என்பதால் இது நல்ல படமாகத் தெரிந்தது, அவ்வளவுதானே? யார் சக்கர நாற்காலியில் உட்காருவார், யார் வில்லனாவார் என்று முன்பே தெரிந்த கதையில் பார்க்க என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு இதைக் காட்டலாமா?

பதில்: உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2006-இல் வந்த மூன்றாம் பாகத்தையும் 2009-இல் வந்த, வுல்வரின் என்ற நாயகனின் முன்கதையையும் பார்த்து நொந்துபோனவர்களில் நானும் ஒருவன். ஓயாமல் பேசுவதற்கே பெயர்போன டெட்பூல் என்ற பாத்திரத்தின் வாயை அதில் தைத்து நிறுத்தியிருந்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதன்பின் இன்னொரு முன்கதை வருகிறது, 2010 ஆகஸ்ட் இறுதியில் படப்பிடிப்பு தொடங்கி 2011 ஜூன் தொடக்கத்தில் வெளியீடு என்றபோது, அவசரச் சமையல் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். எதிர்பார்ப்பு குறைவாக இருப்பது முதல் தடவை பார்க்கும்போது மட்டும்தான் படத்துக்கு உதவும். நான் இதை நான்கு முறை பார்த்துவிட்டேன். இரண்டாம் முறை உட்கார்ந்தபோதே எதிர்பார்ப்பு எகிறியிருந்தது. படம் அப்போதும் என்னைக் கைவிடவில்லை.

முடிவு தெரிந்த கதை என்கிறீர்கள். கர்ண மோட்சம் கூத்துக்கு விடிய விடிய உட்காருகிறவர், கர்ணன் பிழைப்பானா என்று பார்க்கவா வருகிறார்? இயக்குநர் மேத்யூ வான் இதை நன்றாக அறிந்தவர். கதையை, அமெரிக்காவும் சோவியத்தும் மோதவிருந்த 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் கொண்டுபோய் வைத்தார். அந்த அக்டோபரில் அணு ஆயுதப் போர் மூளவில்லை என்பதும் நமக்குத் தெரியும். பிறர் மனத்துக்குள் புகக்கூடிய சார்லஸும், உலோகத்தை மனத்தால் நகர்த்தும் எரிக்கும் நண்பர்களாகிப் பிரிவார்கள், முன்னவர் சக்கர நாற்காலியில் உட்காருவார், பின்னவர் வில்லனாவார் என்பதும் தெரியும். ஆகவே அந்த இருவரும் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியும் நமக்கு வலிக்கிறது. எரிக்கின் மனத்துக்குள் புகுந்து, அவன் மறந்தே போயிருந்த தாயின் நினைவொன்றை சார்லஸ் மீட்டுக் கொடுக்கிறான். இருவர் கண்ணிலும் நீர். தொலைவில் பிரம்மாண்டமான உலோகத் தட்டு ஒன்று எரிக்கின் சக்தியில் மெல்லத் திரும்புகிறது. முடிவு தெரியாதவருக்கு அது ஒரு பயிற்சிக் காட்சி. தெரிந்தவருக்கு அப்படியில்லை.

அந்த நாணயத்தை மறந்துவிட்டீர்களா? 1944, போலந்தின் வதைமுகாம். கெவின் பேகன் நடித்த மருத்துவன், சிறுவன் எரிக்கின் முன் ஒரு நாணயத்தை வைத்து, அதை மனத்தால் நகர்த்தச் சொல்கிறான். மூன்று எண்ணுகிறான். நாணயம் நகரவில்லை, தாயைச் சுட்டுவிடுகிறான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே நாணயம், அதே மூன்று எண்ணிக்கை. இம்முறை எண்ணுகிறவன் எரிக். நாணயம் அந்த மனிதனின் நெற்றிக்குள் நிதானமாகப் போகிறது. அந்த மருத்துவனின் மனத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும் சார்லஸோ, எங்கோ தொலைவில், அந்த வலி முழுவதையும் தான் வாங்கிக்கொண்டு அலறுகிறான். பழிவாங்கலின் வலி நண்பனின் உடம்பில் இறங்குவதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய சூப்பர் ஹீரோ படம் வேறொன்றை எனக்குத் தெரியாது.

அடுத்து கடற்கரை. அமெரிக்கக் கப்பல்களும் சோவியத் கப்பல்களும் சார்லஸ், எரிக் கூட்டத்தின் மீதே ஏவுகணைகளை வீசுகின்றன. எரிக் அவற்றை வானில் நிறுத்தித் திருப்பி அனுப்பப் பார்க்கிறான். அவனைத் தடுக்க சார்லஸ் சொல்லும் காரணம், கப்பல்களில் இருப்பவர்கள் நல்லவர்கள், மேலிடத்து ஆணைக்குக் கீழ்ப்படிகிறவர்கள் என்பது. யாரிடம் போய் எதைச் சொல்கிறான்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் நாஜிகள் சொன்ன சமாதானமும் இதுதானே? முகாமில் தாயைப் பறிகொடுத்தவனின் காதில் அது எப்படி விழும்? அந்த ஒரு சொல்லில் நட்பு முறிந்துவிடுகிறது. சார்லஸின் நல்ல மனத்தில் சந்தேகமில்லை. ஆனால் வசதியான வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியவில்லை. ஜேம்ஸ் மெக்கவாயும் மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் அந்தக் காட்சியில் நடிப்பதைப் பார்த்தபின்தான் இந்தக் கதையில் வில்லன் என்ற சொல்லே பொருந்தவில்லை என்று உணர்ந்தேன்.

குறைகள் இருக்கின்றன. எந்த ஆபத்துக்கும் ஏற்பத் தன் உடலை மாற்றிக்கொள்ளும் டார்வினை, அந்தக் கூட்டத்தின் ஒரே கறுப்பின இளைஞனை, முதல் ஆளாகச் சாகடித்தது பெரும் தவறு. பழைய படங்களோடும் கணக்கு ஒத்துவரவில்லை. 2000-இல் வந்த முதல் படத்தில், பதினேழு வயதில் எரிக்கைச் சந்தித்ததாக சார்லஸ் சொல்கிறார். இதில் படித்துப் பட்டம் பெற்றபின் சந்திக்கிறார். 1962-இல் அதே கடற்கரையில் முதுகெலும்பில் குண்டு பட்டு நடக்க முடியாமல் போகும் சார்லஸ், அதற்குப் பல ஆண்டுகள் பிந்தைய காட்சியொன்றில் மூன்றாம் பாகத்தில் நடந்து வருகிறார். இந்த முரண்களுக்காகப் படத்தைக் கடிந்துகொண்டிருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

மகனுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். முகாம் காட்சியின்போது பக்கத்திலேயே இருங்கள். அவன் கேட்பான், சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் முதலில் 2000-ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டிவிடுங்கள். அதன் கடைசிக் காட்சியில், பிளாஸ்டிக் சிறைக்குள் இரண்டு முதியவர்கள் சதுரங்கப் பலகைக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில். அந்த நாற்காலி எப்படி வந்தது என்று அவன் அப்போது கேட்டால், மறுநாள் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ போடுங்கள்.