100 மில்லி திரவ விதி நிலையத்துக்கு நிலையம் மாறுவது ஏன்?

பிரிட்டனில் ஒரு விமான நிலையம் அனுமதிக்கும் தண்ணீர் புட்டியை இன்னொரு நிலையம் ஏன் பறிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

2006 ஆகஸ்ட் 10 அன்று, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி அங்கே அம்பலமானதும், கைப்பையில் திரவமே கூடாது என்ற தடை ஒரே இரவில் வந்தது. குழந்தைக்கான பாலைக்கூட உடன் செல்பவர் குடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நவம்பரில் அது 100 மில்லி வரம்பாகத் தளர்ந்தது. வரம்பு உள்ளே இருக்கும் அளவுக்கு அல்ல, கொள்கலனின் கொள்ளளவுக்கே என்பதை அறிவிப்புப் பலகைகள் அழுத்திச் சொல்வதில்லை; அதனால்தான் பாதி தீர்ந்த 150 மில்லி பற்பசையோடு (அதுவும் திரவக் கணக்கில்தான் வரும்) பலர் வாதாடுகிறார்கள்.

பையின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் காட்டும் சி.டி. ஸ்கேனர்கள் வந்தபின், லண்டன் சிட்டி போன்ற சில நிலையங்கள் 2023இல் அவ்வரம்பைக் கைவிட்டன. ஆனால் 2024 ஜூனில் அரசு அதைத் தற்காலிகமாக அங்கெல்லாம் மீட்டது. கருவி எல்லா இடத்திலும் ஒரே நாளில் வருவதில்லை. தளர்வுச் செய்தியோ ஒரே நாளில் எங்கும் பரவிவிடுகிறது. என் பார்வையில், குழப்பத்தின் வேர் விதியைவிட இந்த இடைவெளியில்தான் உள்ளது. ஆகவே புறப்படும் நிலையத்தின் விதியோடு, திரும்பி வரும்போது ஏறும் நிலையத்தின் விதியையும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.