குழாய்ப் படத்தில் கோடு ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறதா? கேள்வி பதில்

தொழிற்சாலைக் கண்காணிப்புத் திரைகளில் குழாய் இணைப்புக் குறியீடுகளை அசைய வைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே இருக்கின்றன. ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்தால் தெளிவாகக் கேட்டவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. வரைகலை மென்பொருளில் குழாயும் அதற்குள் துண்டு துண்டான கோடும் வரைந்து எஸ்.வி.ஜி. (கோடுகளையும் வடிவங்களையும் உரையாகச் சேமிக்கும் பட வகை) கோப்பாக எடுத்தேன். டாஷ்போர்டில் படம் சரியாகத் தெரிகிறது. அசைவுக்கான சி.எஸ்.எஸ். (வலைப்பக்கத்தின் தோற்ற விதிகள்) எழுதியும் ஒரு புள்ளிகூட நகரவில்லை. எங்கே பிசகு?

இரண்டு இடங்களில் தேடுங்கள். முதலாவது, கோப்பை எடுத்த விதம். பல வரைகலை மென்பொருள்களில் கோட்டை வடிவமாக மாற்றும் வசதி உண்டு. அதைச் செய்துவிட்டால் கோடு கோடாக இருக்காது. நிறம் நிரப்பிய சின்னச் சின்னக் கட்டங்களாகிவிடும். துண்டுகளைக் கோட்டின் வழியே நகர்த்தும் ஸ்ட்ரோக்-டேஷ்ஆஃப்செட் என்ற பண்பு கோட்டின்மீதுதான் வேலை செய்யும், கட்டத்தின்மீது செய்யாது. கோப்பை ஒரு உரைத் தொகுப்பியில் திறந்து, அசைய வேண்டிய பகுதியில் ஸ்ட்ரோக் (கோடு) இருக்கிறதா, வெறும் ஃபில் (நிரப்பு) மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, படத்தைப் பக்கத்தில் சேர்த்த விதம். சாதாரணப் படமாகச் சேர்த்த எஸ்.வி.ஜி.க்குள் வெளிப்பக்கத்தின் சி.எஸ்.எஸ். நுழைய முடியாது. அதன் குறிமொழி பக்கத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கேள்வி: அசைகிறது, ஆனால் வினாடிக்கு ஒருமுறை கோடு ‘டக்’ என்று பின்வாங்கி மறுபடி ஓடுகிறது. கண்ணை உறுத்துகிறது.

கூட்டல் கணக்கில்தான் தவறு இருக்கும். கோட்டுத் துண்டு 10, இடைவெளி 6 என்றால் ஒரு சுழற்சியின் நீளம் 16. ஆஃப்செட் 16-இல் தொடங்கி 0-இல் முடிய வேண்டும். 20 என்றோ 15 என்றோ எழுதியிருந்தால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இந்தக் குலுக்கல் வரும்.

துண்டு, இடைவெளி நீளங்களைப் பட்டியலிடும் டேஷ்அரேயில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் மதிப்புகள் கொடுத்திருந்தால் உலாவி அந்தப் பட்டியலை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். 10, 6, 4 என்று எழுதினால் சுழற்சி 20 அல்ல, 40. இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கழுவல் குழாயில் இரு திசையிலும் ஓட்டம் உண்டு. திசை மாறும்போது குறியீட்டை 180 பாகை திருப்பினால் போதுமா? இன்னொன்று: நேற்று பம்பு நிறுத்தியிருந்த நேரத்தில் திரையில் தலைகீழ் ஓட்டம் தெரிந்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை.

திருப்ப வேண்டாம். முழங்கை வளைவைத் திருப்பினால் அதன் வாய் வேறு பக்கம் போய்விடும். நேர்க்குழாயைத் திருப்பினால் நிழலும் ஒளியும் தலைகீழாகும். அசைவின் திசையை மட்டும் மாற்றுங்கள். துண்டுகள் நகரும் திசையைத் தீர்மானிப்பது அந்தப் பாதை எந்த முனையிலிருந்து வரையப்பட்டது என்பது. ஆகவே ஒரே திட்டத்தில் எல்லாக் குழாய்களையும் இயல்பான ஓட்டத் திசையிலேயே வரைந்துவிட்டால், நேர் எண் என்றால் முன்னோக்கி, எதிர் எண் என்றால் பின்னோக்கி என்று ஒரே விதி எல்லாவற்றுக்கும் போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவையானது. அந்த ஓட்டமானி, அளவை 4–20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் கருவியா? அப்படியானால் ஓட்டம் தலைகீழானதைவிட, கம்பி அறுந்திருக்கவோ மின்சாரம் போயிருக்கவோ வாய்ப்பு அதிகம். வழக்கமான அமைப்பில் 4 மில்லி ஆம்பியர் என்றால் சுழியம், 20 என்றால் முழு அளவு. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். அதை அப்படியே அளவுமாற்றிக் கணக்கிட்டால் முழு வீச்சில் எதிர்ம 25 விழுக்காடு வரும். மணிக்கு 200 கனமீட்டர் வீச்சுள்ள கருவி என்றால் திரையில் எதிர்ம 50. உங்கள் குறியீடு எதிர் எண்ணைப் பார்த்துச் சமர்த்தாகத் தலைகீழாக ஓடிக் காட்டிவிட்டது.

தொழிற்சாலைத் தானியக்கப் பயனர்களின் சங்கமான நாமுரின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ மின்னோட்டம் போனால் அது கருவிப் பழுதுக்கான அறிகுறி. அந்தச் சோதனையை, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.யிலேயே செய்து, ‘அளவு செல்லாது’ என்ற தனி டேக் (பெயரிட்ட தரவு) ஒன்றைத் திரைக்கு அனுப்புங்கள். அது வந்தால் அசைவை நிறுத்தி, குழாயின் ஓரத்தை இடைவெளி விட்ட சாம்பல் கோடாக்குங்கள்.

கேள்வி: பம்பு ஓடுகிறது என்ற டேக்கைத்தான் குழாயின் அசைவுக்குக் கொடுத்திருக்கிறோம். இரவுப் பணியில் இருந்தவர் திரையில் ஓட்டம் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறார். காலையில் தொட்டி காலி. அவர்மீது தப்பா, திரைமீது தப்பா?

திரைமீது. பம்பு ஓடுவது ஒரு செய்தி, குழாயில் திரவம் நகர்வது வேறொரு செய்தி. வெளியேற்ற வால்வு மூடியிருக்கலாம், உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கலாம், இணைப்பச்சு உடைந்து மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கலாம். மூன்றிலும் உங்கள் திரை ஒரே மாதிரி ஓடியிருக்கும். அவர் கண்ணால் பார்த்ததை நம்பினார். அதற்காகத்தானே திரை வைத்திருக்கிறோம்?

அந்தக் குழாயில் ஓட்டமானி இருந்தால் அசைவுக்கு அதன் அளவை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் ஊகிக்கத்தான் வேண்டும். பம்பு ஓடுவதாகக் கட்டளை போயிருப்பதைப் பார்க்காமல், ஓடுகிறது என்று திரும்பி வரும் உறுதிச் சமிக்ஞையை எடுங்கள். அதோடு வால்வு முழுதும் திறந்திருப்பதைச் சொல்லும் எல்லைச் சுவிட்சையும் சேருங்கள். வெளியேற்ற அழுத்தம் இருக்கிறது, ஆகவே ஓட்டம் இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். மையவிலக்குப் பம்பில் வால்வை மூடினால் அழுத்தம் ஏறும், குறையாது. மோட்டார் மின்னோட்டம் அதைவிட நல்ல துப்பு: அந்த வகைப் பம்புகளில் பெரும்பாலானவற்றில் ஓட்டம் நின்றால் மின்னோட்டம் இறங்கும்.

இப்படி ஊகித்த ஓட்டத்தை அளந்த ஓட்டத்தைப்போலவே காட்டக் கூடாது என்பது என் பிடிவாதம். அளந்ததற்கு ஓடும் துண்டுகள், ஊகித்ததற்கு அசையாத அம்புக்குறி. பார்ப்பவருக்கு வித்தியாசம் ஒரே நாளில் பழகிவிடும்.

கேள்வி: தயார்க் குறியீட்டில் ‘திரவம் உள்ளதா’, ‘ஓட்டம் உள்ளதா’ என்று இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே டேக்கைக் கொடுத்துவிடலாமா?

கொடுத்தால் நிரம்பி நிற்கும் குழாயும் காலிக் குழாயும் ஒன்றுபோல் தெரியும். பராமரிப்புக்காகக் குழாயைக் கழற்றப் போகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் முக்கியம். திரவம் இருப்பதை அறிய உணரி ஏதும் இல்லையென்றால் அந்த அமைப்பை எப்போதும் ‘உள்ளது’ என்றே வைத்துவிடுங்கள். காலி என்று தவறாகக் காட்டுவதைவிட அது மேல்.

கேள்வி: நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று செயலிழந்து பதினைந்து நிமிடம் தரவே வரவில்லை. ஆனால் எல்லாக் குழாய்களும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன! இது எப்படி?

அசைவு நடப்பது உங்கள் உலாவிக்குள். கடைசியாக வந்த அளவு ‘ஓடு’ என்றது. உலாவி ஓட்டிக்கொண்டே இருக்கிறது. பி.எல்.சி. இருக்கிறதா போய்விட்டதா என்பது அதற்குத் தெரியாது. எண் மட்டும் காட்டும் திரையில், எண் உறைந்து நிற்பதைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்கள். அசையும் குழாய் அந்தச் சந்தேகத்தையும் அழித்துவிடும். அசைவின் மிகப் பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஓ.பி.சி. யு.ஏ. என்ற தொழிற்சாலைத் தரவுப் பரிமாற்ற முறை வழியாகத் தரவு வந்தால் ஒவ்வொரு மதிப்போடும் அதன் தரம் நல்லது, ஐயத்துக்குரியது, கெட்டது என்று குறிக்கப்பட்டு வரும். ‘நல்லது’ இல்லையென்றால் அசைவு நிற்க வேண்டும். நேர முத்திரையையும் பார்க்கலாம். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. மதிப்பு மாறினால் மட்டும் அனுப்பும் ஏற்பாட்டில், நிலையாக ஓடும் குழாயின் நேர முத்திரை பழையதாகவே இருக்கும். அதை வைத்து முடிவெடுத்தால் ஒழுங்காக ஓடும் குழாயையும் நிறுத்திவிடுவீர்கள்.

அதனால் பி.எல்.சி.யில் வினாடிக்கு ஒருமுறை மாறும் எண் ஒன்றை வைத்து, அதை இதயத் துடிப்பாகத் திரைக்கு அனுப்புங்கள். ஐந்து வினாடி மாறவில்லையென்றால் அந்தப் பி.எல்.சி.யைச் சேர்ந்த குழாய்கள் எல்லாம் ஒருசேர நின்று மங்க வேண்டும். எழுதி முடித்ததும் வலைக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். செர்வரில் சேவையை நிறுத்திச் சோதிப்பது போதாது; அப்போது இணைப்பு முறையாகத் துண்டிக்கப்படும், கம்பி கழன்றால் அப்படி நடப்பதில்லை.

கேள்வி: ஓட்டம் நின்ற பிறகும் குழாய் விட்டுவிட்டுத் துடிக்கிறது.

ஓட்டமானி சுழியத்தில் அசையாமல் நிற்காது, 0.1, 0, 0.2 என்று ஊசலாடும். ‘சுழியத்தைவிட அதிகம்’ என்று நிபந்தனை வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு எல்லைகள் வையுங்கள்: வீச்சில் 3 விழுக்காட்டைத் தாண்டினால் ஓடு, 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நில். நடுவில் இருந்தால் முந்தைய நிலை தொடரட்டும். எண்களை உங்கள் கருவியின் இரைச்சலைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓட்டத்தின் அளவுக்கேற்ப வேகம் மாறும்படி செய்தேன். ஒவ்வொரு முறை அளவு மாறும்போதும் துண்டுகள் இடம் தாவுகின்றன.

அசைவின் கால அளவை மாற்றுகிறீர்கள் அல்லவா? தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைப் புதிய கால அளவால் வகுத்து உலாவி இடத்தைத் திரும்பக் கணக்கிடுகிறது. அதனால்தான் தாவல். வலை அசைவு நிரல் இடைமுகத்தில் உள்ள அப்டேட்பிளேபேக்ரேட் என்ற செயற்கூறு, இருக்கும் இடத்திலிருந்தே வேகத்தை மாற்றும்.

ஆனால் எனக்கு இந்த யோசனையே அவ்வளவாகப் பிடிக்காது. துண்டு ஓடும் வேகத்தைப் பார்த்து மணிக்கு 80 கனமீட்டரா 95-ஆ என்று சொல்லக்கூடிய கண் யாருக்கும் இல்லை. மெதுவாக, வழக்கம்போல், வேகமாக என்று மூன்று படிகள் வைத்து, பக்கத்தில் எண்ணை எழுதிவிடுங்கள்.

கேள்வி: தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகப் பார்த்தால் சில குழாய்கள் எதிர்த்திசையில் ஓடுகின்றன. கட்டுப்பாட்டு அறையில் சரியாகத்தான் தெரிகிறது.

திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதி. தொலைத் திரை வினாடிக்கு 10 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) மட்டுமே அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் துண்டு பாதிச் சுழற்சிக்கு மேல் நகர்ந்தால், முன்னால் போனதா பின்னால் வந்ததா என்று கண் தவறாக முடிவு செய்யும். கணக்குப்படி ஒரு சுழற்சி 0.2 வினாடிக்குக் குறைந்தால் திசை புரளும், சரியாக 0.1 வினாடி என்றால் ஓட்டம் நின்றுவிட்டதுபோல் தெரியும். மிக வேகமான படிக்கும் ஒரு சுழற்சிக்கு ஒரு வினாடிக்குக் குறையாமல் வையுங்கள். திசையை அசைவிடம் மட்டும் ஒப்படைக்காமல் ஒரு நிலையான அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நேர்க்குழாயும் முழங்கையும் சேரும் இடத்தில் துண்டுகள் முட்டிக்கொள்கின்றன.

ஒவ்வொரு குறியீடும் தனித்தனி நேரத்தில் ஓடத் தொடங்கியிருக்கும். எல்லா அசைவுகளின் தொடக்க நேரமான ஸ்டார்ட்டைமையும் 0 என்று வைத்தால் ஒரே கடிகாரத்தில் ஓடும். ஒவ்வொரு பகுதியின் பாதை நீளமும் சுழற்சியின் முழு மடங்காக இருக்க வேண்டும்; வளைவுகளில் அப்படி அமைவது அரிது. பாதையின் நீளத்தைச் சொல்லும் பாத்லெங்த் பண்பில் மடங்கான எண்ணைக் கொடுத்தால் உலாவி மீதியைச் சரிக்கட்டும். இவ்வளவு தொல்லை வேண்டாம் என்றால், கிளை இல்லாத குழாயை முனைக்கு முனை ஒரே பாதையாக வரைந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். தயார்த் துண்டுகளை இழுத்துப் போட்டு ஒட்டுவது முதல் நாள் மட்டும்தான் சுலபம்.

கேள்வி: ஒரு பக்கத்தில் இருநூறு குழாய்கள். சுவரில் மாட்டிய பேனல் கணினி திணறுகிறது. மேலாளரோ எல்லாம் அசைய வேண்டும், பார்வையாளர்களுக்கு அழகாக இருக்க வேண்டும் என்கிறார்.

கோட்டின் ஆஃப்செட்டை அசைத்தால் உலாவி ஒவ்வொரு சட்டத்துக்கும் அந்தப் பகுதியைத் திரும்ப வரைய வேண்டும். அந்த வேலை மையச் செயலியின் தலையில் விழும். நேர்க்குழாய்களில் துண்டுகள் கொண்ட பட்டையை டிரான்ஸ்ஃபார்ம் என்ற சி.எஸ்.எஸ். பண்பு மூலம் நகர்த்தினால் சுமை கணிசமாகக் குறைய வாய்ப்பு உண்டு.

மேலாளரிடம் சர்வதேசத் தானியக்கச் சங்கம் 2015-இல் வெளியிட்ட ஐ.எஸ்.ஏ.-101 தரநிலையைக் காட்டுங்கள். திரை வடிவமைப்புக்காகவே எழுதப்பட்டது. அந்த வழியில் செய்யப்படும் திரைகள் சாம்பல் பின்னணியில் அடங்கி இருக்கும். கண்ணை இழுக்கும் நிறமும் அசைவும் அசாதாரண நிலைக்கென்று ஒதுக்கப்படும். இருநூறு குழாய்கள் ஓடும் இடத்தில் ஒரு எச்சரிக்கை விளக்கு மினுங்கினால் யார் கவனிப்பார்கள்? அவர் விடவில்லை என்றால் பார்வையாளர்களுக்கென்று தனிப் பக்கம் ஒன்று செய்து கொடுங்கள். அதில் எல்லாம் ஓடட்டும், ஆபரேட்டர் மேசைக்கு மட்டும் அது வர வேண்டாம்.

கேள்வி: குழாய்க்கு நிறச் சாய்வு கொடுத்தேன். செங்குத்துக் குழாயும் கிடைக்குழாயும் காணாமல் போகின்றன, சாய்ந்த குழாய் மட்டும் தெரிகிறது. பைத்தியம் பிடிக்கிறது!

சாய்வின் அளவு பொருளின் எல்லைப் பெட்டியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நேர்க்கிடையான கோட்டின் பெட்டிக்கு உயரம் சுழியம், செங்குத்துக் கோட்டுக்கு அகலம் சுழியம்; அப்போது உலாவி சாய்வை வரையாது. கிரேடியன்ட்யூனிட்ஸ் பண்பை யூசர்ஸ்பேஸ்ஆன்யூஸ் என்று மாற்றுங்கள். அப்புறமும் ஒரு குழாயின் நிறம் இன்னொன்றில் வந்து ஒட்டினால், ஒரே குறியீட்டை இரண்டு முறை சேர்த்ததில் சாய்வுகளின் ஐ.டி. மோதுகிறது என்று பொருள். ஒவ்வொரு பிரதிக்கும் ஐ.டி.யின் முன்னால் வேறொரு முன்னொட்டு கொடுங்கள்.