பத்து நிமிஷத்தில் சரியாகிப்போன கை: கழுத்து ரத்தக்குழாய் பற்றி வாசகர் கேள்விகள்

கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு பற்றி வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "ஸ்கேனில் இத்தனை சதவீதம் என்று வந்திருக்கிறது, பக்கவாதம் வருமா டாக்டர்?" சதவீதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்பது வேறு. அந்த அடைப்பு இதுவரை ஏதாவது வேலை காட்டியிருக்கிறதா? காட்டியிருந்தால் எந்தத் தேதியில்?

அப்பாவுக்கு 64 வயது. போன செவ்வாய்க்கிழமை கடையில் பொட்டலம் கட்டும்போது வலது கை துவண்டு நூல்கண்டு கீழே விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டதால் வாய்வு என்று விட்டுவிட்டோம். மருமகன் கட்டாயப்படுத்தி ஸ்கேன் எடுத்ததில் இடது பக்கக் கழுத்துக் குழாயில் 80 சதவீத அடைப்பு என்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் எங்களுக்கு மண்டகப்படி இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? (மேலூர்)

கூடாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் காலண்டரைத்தான் பார்த்தேன்.

வாய்வுக்கு ஒரு கை மட்டும் தனியாகத் துவளாது, பேச்சும் சேர்ந்து குழறாது. இடது கழுத்துக் குழாய் இடது மூளைக்குப் போகிறது. வலது கையையும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சையும் நடத்துவது அந்தப் பக்கம்தான். குழாயின் உள்சுவரில் படிந்த கொழுப்புக் கசடு புண்ணாகி, அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போயிருக்கிறது. ஒரு சின்னக் கிளையில் சிக்கி, நல்லவேளை, தானாகவே கரைந்துவிட்டது. அடுத்த துணுக்கும் கரையும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இப்படி ஒருமுறை அறிகுறி காட்டிய, 70 சதவீதத்துக்கு மேற்பட்ட அடைப்பு உள்ளவர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1991-ல் வெளியானது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. குழாயைத் திறந்து கசடை எடுக்கும் ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம். இன்று மாத்திரைகள் அன்றைக்கு இருந்ததைவிட நன்றாக இருக்கின்றன. இருந்தாலும், உங்கள் அப்பா போன்றவர்களுக்கு ஆபரேஷனால் லாபம் என்பது மாறவில்லை.

ஆனால் அந்த லாபம் நாளுக்கு நாள் கரையும். அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்தால், ஐந்து பேருக்குச் செய்யும் ஆபரேஷனில் ஒருவருக்கு வரவிருந்த பக்கவாதம் நின்றுபோகிறது. பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்தால், ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். காரணம் எளிது: ஆபத்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. தாமதித்தால், மழை விட்ட பிறகு குடை பிடித்த கதைதான்.

இதில் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பல வருஷங்களுக்கு முன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் இதே கதையோடு வந்தார். தியேட்டரில் இடமில்லை என்று மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தோம். பதினோராம் நாள் ஸ்ட்ரெச்சரில் வந்தார், வாய் கோணி, வலது பக்கம் முழுக்க விழுந்து. அந்தத் தேதியை எழுதியது என் கை. அதற்குப் பிறகு, இப்படி வந்தவர் பெயரைப் பட்டியலில் மேலே ஏற்ற வேறு நோயாளியிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் கெஞ்சத் தயங்குவதில்லை.

ஆகவே நாளைக்கே அட்மிஷன். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், பிரஷர் மாத்திரை இன்றே தொடங்கியிருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்; அட்டையைத் தேடியே இரண்டு நாள் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் மறுபடி கை துவண்டால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. புறா ரத்தம் தேய்க்க ஆள் தேடிக்கொண்டிருக்கும்போதே அது முடிந்துவிடும். ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், மண்டகப்படியில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம். பந்தல் வேலையை மருமகன் கவனிக்கட்டும்.

எனக்கு 71 வயது. முழு உடல் பரிசோதனையில் கழுத்தில் 60 சதவீத அடைப்பு என்றார்கள். பயந்துபோய் வேறு சென்டரில் பார்த்தால் 75. எந்தத் தொந்தரவும் இல்லை. எதை நம்புவது? ஆபரேஷன் வேண்டுமா? (அண்ணா நகர், மதுரை)

இரண்டுமே சரியாக இருக்கலாம் அம்மா. குறுகிய இடத்தை எதோடு ஒப்பிடுவது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. மேலே உள்ள சாதாரணக் குழாயோடு ஒப்பிட்டால் ஒரு எண் வரும். அந்த இடத்தில் குழாய் முதலில் எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று ஊகித்து ஒப்பிட்டால் அதைவிடப் பெரிய எண் வரும். ரிப்போர்ட்டில் ரத்தம் பாயும் வேகம் எழுதியிருக்கிறதா பாருங்கள். விநாடிக்கு 230 சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் பொதுவாக 70-க்கு மேல் என்று எடுத்துக்கொள்வோம்.

உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை. அறிகுறியே இல்லாதவர்களிடம் முன்பு நடந்த ஆய்வுகளில், ஐந்து வருஷத்தில் 11, 12 சதவீதமாக இருந்த பக்கவாதம் ஆபரேஷனால் பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்வுகள் தொடங்கியபோது ஸ்டேட்டின் மாத்திரை இன்றுபோல் புழக்கத்தில் இல்லை. இன்று மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம்தான் ஆபத்து. ஆபரேஷனிலோ அதை ஒட்டிய முப்பது நாளிலோ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு 3 சதவீதத்தைத் தாண்டும் டாக்டரிடம் நீங்கள் போனால் நஷ்டம் உங்களுக்கே. அதனால் யாரிடம் போனாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்: "உங்கள் கையில் நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குப் பக்கவாதம் வருகிறது?" எண் தெரிந்த டாக்டர் சொல்லுவார். கோபப்படுகிறவரிடம் நான் என் அம்மாவை அனுப்ப மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஒரே சென்டரில், மறுபடி ஸ்கேன் எடுங்கள். அடைப்பு கூடிக்கொண்டே போனால் பேசலாம்.

இடது கண்ணில் மேலிருந்து கறுப்பு ஷட்டர் இறங்கியது போல் இருட்டி, இரண்டு நிமிஷத்தில் தெளிந்தது. ஒரு வாரத்தில் இரண்டு தடவை. கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது, கழுத்து ஸ்கேன் எடுங்கள் என்கிறார். கண்ணுக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சோழவந்தான்)

கெட்டிக்கார டாக்டர். கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய், கழுத்துக் குழாயிலிருந்து பிரியும் கிளை. மேலூர்க்காரருக்குக் கையில் நேர்ந்தது உங்களுக்குக் கண்ணில் நேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கை என்றால் எதிர்ப்பக்கம், கண் என்றால் அதே பக்கம். ஸ்கேனை இன்றே எடுங்கள். மேலூர்க்காரருக்குச் சொன்ன இரண்டு வாரக் கணக்கு உங்களுக்கும் உண்டு.

அம்மாவுக்கு 76 வயது. கழுத்தில் கத்தி வைப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இதயத்துக்கு வைப்பது போல் ஸ்டென்ட் வைத்துவிட்டால் சுலபம்தானே? (திருமங்கலம்)

பார்க்கச் சுலபம்தான். ஆனால் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு, செய்யும் நேரத்தில் பக்கவாதம் வரும் ஆபத்து ஸ்டென்டில்தான் கூடுதல். வயதாக ஆக நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனி வளைந்து நெளிந்து, சுண்ணாம்பு பூத்துக் கிடக்கும். தொடையிலிருந்து கம்பியை அதன் வழியாக ஏற்றும்போது உதிர்கிற துகள் நேரே மூளைக்குப் போகும். 2010-ல் வெளியான, 2,502 பேர் கலந்துகொண்ட ஆய்வில் முதல் மாதப் பக்கவாதம் ஸ்டென்டில் 4.1, ஆபரேஷனில் 2.3 சதவீதம். மாரடைப்பு இதற்கு நேர்மாறு: ஸ்டென்டில் 1.1, ஆபரேஷனில் 2.3. எனவே இதயம் மிகவும் பலவீனமானவர்கள், வெற்றிலை புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள், ஏற்கெனவே அந்த இடத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களுக்கு நானே ஸ்டென்ட் என்றுதான் சொல்வேன்.

கத்தி பயம் பற்றி: கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கீறல், ஏறக்குறைய இரண்டு மணி நேர வேலை. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆளை விழிக்க வைத்தே செய்யலாம். முழு மயக்கத்துக்கும் இதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று 2008-ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. எனக்குப் பிடித்தது விழிப்பு முறை. எதிர்ப்பக்கக் கையில் அமுக்கினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிடுவோம். என்னிடம் இருக்கும் வாத்து தமுக்கம் பொருட்காட்சியில் வாங்கியது, கையுறைக்குள் போட்டுக் கட்டியிருக்கிறோம். குழாயைக் கிடுக்கியால் அடைத்ததும், "அமுக்குங்க பாட்டி" என்று ஒவ்வொரு நிமிஷமும் சொல்ல வேண்டும். கீச், கீச். சத்தம் நின்றால் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தம்; உடனே ஒரு சின்ன டியூப் போட்டு ரத்தத்தைச் சுற்றி விடுவோம். எடுத்த கசடை அப்புறம் வீட்டாருக்குக் காட்டுவேன். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. கெட்டிப்பட்ட மஞ்சள் மெழுகு மாதிரி, தொட்டால் முட்டை ஓடு போல் நொறுங்கும். "இத்தனூண்டா?" என்பார்கள்.

மனைவிக்கு ஆபரேஷன் ஆகி ஆறு நாள். குரல் கம்மியிருக்கிறது. தோட்டுத் திருகாணி போடும்போது காது மடலில் உணர்ச்சியே இல்லை என்கிறாள். நேற்றிலிருந்து ஆபரேஷன் ஆன பக்கம் தலைவலி வேறு. (விரகனூர்)

முதல் இரண்டுக்கும் கவலைப்பட வேண்டாம். கழுத்தில் நரம்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஒதுக்கிப் பிடிக்கும்போது குரல் நரம்பு சோர்ந்துபோவது உண்டு, பெரும்பாலும் சில வாரங்களில் மீண்டுவிடும். காது மடல் மரத்திருப்பது மாதக்கணக்கில்கூட இருக்கும். காதில் இழுபட்டுப் புண்ணானாலும் தெரியாது, கனமான தோடு இப்போதைக்கு வேண்டாம்.

தலைவலியைத்தான் விடக்கூடாது. வருஷக்கணக்கில் கொஞ்சமாக ரத்தம் வந்துகொண்டிருந்த இடத்துக்குத் திடீரென மடை திறந்துவிட்டது போல் பாய்கிறது. பிரஷரும் ஏறியிருந்தால் மூளை வீங்கும். வலிப்பு வரலாம், ரத்தக் கசிவுகூட ஆகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் முதல் சில வாரங்களுக்குள் வரும். மாத்திரை போட்டுப் படுக்க வைக்காதீர்கள். இதைப் படித்ததும் பிரஷர் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்த இடத்துக்கே கூட்டிப் போங்கள்.

வலது பக்கம் 100 சதவீதம் அடைப்பு, ஆனால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள். 80-க்குச் செய்கிறார்கள், 100-க்கு இல்லையா? (பழங்காநத்தம்)

முழுசாக அடைத்த குழாயில் ரத்தம் ஓடுவதில்லை. துணுக்கைச் சுமந்து மேலே கொண்டுபோக ஒன்றும் இல்லை. மூளைக்கு நான்கு குழாய்கள் போகின்றன, அடிப்பகுதியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. மாசி வீதிகளில் ஒன்றை மறித்தால் மற்ற மூன்றில் சுற்றிப் போவதில்லையா, அது போல. வளையம் எல்லோருக்கும் முழுசாக இருக்காது என்பதால் பிரஷரை அதிகமாக இறக்கிவிடக் கூடாது. இடது பக்கத்தைத்தான் இனி கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும்.

கொலஸ்ட்ரால் நார்மல் என்று வந்தும் ஏன் மாத்திரை தருகிறார்கள்? (செல்லூர்)

லேப் போடும் "நார்மல்" கழுத்தில் கசடு இல்லாதவர்களுக்கானது. உங்களுக்குக் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே போக வேண்டும். ஸ்டேட்டின் கொழுப்பைக் குறைப்பதோடு, கசடின் மேல்தோலையும் கெட்டிப்படுத்துகிறது. புண்ணாகாத கசடு பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

பல் பிடுங்க ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்தச் சொல்கிறார்கள். (வாடிப்பட்டி)

ஒரு பல்லுக்காக நிறுத்த வேண்டாம். பஞ்சைக் கொஞ்சம் கூடுதல் நேரம் கடித்துக்கொண்டால் ரத்தம் நிற்கும். ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்கப் புதிதாக இரண்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் பல்லைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

தம்பிக்கு 38 வயது. பீடிப் பழக்கம். கால் விரல் கறுத்துவிட்டது. கழுத்தையும் ஸ்கேன் பார்க்க வேண்டுமா? (பேரையூர்)

சர்க்கரை நோயுள்ள 60 வயதுக்காரருக்குக் காலில் அடைப்பு வந்தால் இதயத்தையும் கழுத்தையும் சேர்த்தே யோசிப்போம். காலைவிட அவை இரண்டும்தான் உயிரை வாங்குகின்றன. இந்த வயதில், பீடியோடு, விரல் கறுப்பது பெரும்பாலும் வேறு நோய், பர்ஜர் நோய் என்பார்கள். கழுத்தை அது அநேகமாகத் தொடுவதில்லை. பீடியை அறவே விட்டால் கால் தங்கும். ஒன்றிரண்டு என்று குறைப்பது கணக்கில் வராது. ரத்தக்குழாய் டாக்டரை இந்த வாரமே பாருங்கள்.

முடி வெட்டி முடித்ததும் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுத்துவிடுவார்களே, அதனால் பக்கவாதம் வருமா? (ஆரப்பாளையம்)

அபூர்வமாக வரும், அதுவும் இளம் வயதுக்காரருக்கு. வெடுக்கென்று திருப்பும்போது குழாயின் உள்தோல் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து மேலே போகும். சொடுக்கு எடுத்த பிறகு கழுத்தில் புதிதாக வலி, தலைசுற்றல், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது என்று ஏதாவது வந்தால் தைலம் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடம் இதை விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சொடுக்கு எடுப்பதை விட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியில் மட்டும் இன்னும் 'டொக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.