அடுக்குமாடியில் பியானோ: கேள்விகளும் என் பதில்களும்

சென்னையில் 22 ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். நான் குடியிருக்கும் 48 வீட்டுக் குடியிருப்பின் சங்கச் செயலாளராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். என் வீட்டைப் பற்றி வந்த புகாரை நானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்ட நாளும் அதில் உண்டு. பயிற்சிச் சத்தத்தால் எழும் தகராறுகள் குறித்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகள் ஐந்தாம் கிரேடு தேர்வுக்காகத் தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறாள். கீழ்வீட்டார் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே வாட்ஸப் குழுவில் புகார் போட்டுவிட்டார்கள். அவர்கள் வாசலில் நின்று கைபேசிச் செயலியில் அளந்தேன். 55 டெசிபலைத் தாண்டவில்லை. இதை ஆதாரமாகக் குழுவில் போடலாமா? (மேடவாக்கம்)

பதில்: போட வேண்டாம். நீங்கள் அளந்தது நடைவழியில். அவர்கள் கேட்பது உங்கள் பியானோவுக்கு நேர் கீழே இருக்கும் அறையில். செயலிகள் காட்டும் டெசிபல் அளவு காதின் இயல்பை ஒட்டித் தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும். ஆனால் தளத்தின் வழியே இறங்குவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த ஒலிதான்.

என் வீட்டைப் பற்றிப் புகார் வந்தபோது, மாணவன் ஒருவனை மேலே வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டுப் படுக்கையறையில் கட்டில் விளிம்பில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வாசித்த மெட்டு என் காதில் விழவே இல்லை. இடக்கையின் அடித்தொனியும், பெடலை மிதித்து விடும்போது எழும் 'டொக்' என்ற சத்தமும் மட்டுமே வந்தன. ஒரே நான்கு பார் (தாளக் கட்டம்), அதே இடத்தில் அதே தடுமாற்றம், மறுபடியும் முதலிலிருந்து. எனக்கே பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. நாம் பாட்டு வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கீழே இருப்பவர் கேட்பது பாட்டை அல்ல.

காலை ஐந்தரை மணிக்குச் சட்னி அரைக்கும் மிக்சி எந்தப் பியானோவுக்கும் இளைத்ததல்ல. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லாததற்குக் காரணம், அது மூன்று நிமிடத்தில் நின்றுவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும் என்பதுதான். பியானோ எப்போது நிற்கும் என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் கொண்டுபோக வேண்டியது டெசிபல் கணக்கை அல்ல, நேரக் கணக்கை: திங்கள் முதல் சனி வரை ஐந்தரை முதல் ஏழு வரை, ஞாயிறு விடுமுறை, தேர்வு முடியும் தேதி இன்னது என்று ஒரு தாளில் எழுதி, நேரில் கொடுத்து, அவர்களுக்கு ஒத்துவராத நேரம் எது என்று கேளுங்கள். ஏழு என்று எழுதினால் ஏழுக்கே மூடியை மூடிவிட வேண்டும். ஏழே காலுக்கு மூடினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

கேள்வி: எங்களுடையது டிஜிட்டல் பியானோ. மகன் ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறான். அப்படியும் கீழ்வீட்டுப் பெரியவர் "இரவெல்லாம் யாரோ சுத்தியலால் தட்டுகிறார்கள்" என்கிறார். வேண்டுமென்றே சொல்கிறாரா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்லை, அவர் சொல்வது உண்மை. விரலால் அழுத்தும் கனமான கட்டைகள் கீழே போய் முட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு ஸ்டாண்டின் கால்கள் வழியாக நேரே தளத்தில் இறங்குகிறது. காற்றில் வரும் சத்தத்தைச் சுவர் தடுக்கும். கட்டடத்தின் உடலுக்குள்ளேயே புகுந்துவிட்ட அதிர்வுக்குக் கான்கிரீட் நல்ல பாதை. பியானோவின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மகனை வாசிக்கச் சொல்லி, பெரியவர் வீட்டுக்குப் போய் நின்று கேளுங்கள். சுத்தியல் உங்களுக்கும் கேட்கும்.

தரையில் கனமான ரப்பர் விரிப்பு, அதன் மேல் முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை, அதன் மேல் ஸ்டாண்ட் என்று வையுங்கள். பெடலும் அந்தப் பலகையின் மேலேயே இருக்க வேண்டும். பலகையோ ஸ்டாண்டோ சுவரைத் தொடக் கூடாது. சத்தம் முற்றிலும் போய்விடாது என்றாலும், சுத்தியல் என்று சொன்னவர் பிறகு அதைப் பற்றிப் பேசாமல் இருக்கும் அளவுக்குக் குறையும். அதற்காக நள்ளிரவில் வாசிக்கலாம் என்று பொருளல்ல.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும்) பியானோ. அறைச் சுவர் முழுவதும் ஃபோம் ஒட்ட 60,000 ரூபாய் கேட்கிறார்கள். முட்டை அட்டை ஒட்டினாலே போதும் என்கிறார் என் மைத்துனர். எதைச் செய்வது? (அண்ணா நகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். வெளியே போகும் சத்தத்தை அது தடுப்பதில்லை. சத்தத்தைத் தடுப்பது எடை. பூச்சு பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வேலையை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: திறந்த ஜன்னல், கதவின் அடி இடைவெளி, குளியலறை வென்டிலேட்டர், எல்லாத் தளங்களையும் இணைக்கும் காற்றுக்குழி. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு ஏறக்குறைய 20 டெசிபலுக்கு மேல் போகாது. 60,000 ரூபாயைச் சுவரில் ஒட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது குடத்துக்கு முலாம் பூசி, ஓட்டையை அப்படியே விடுவது போல.

முதலில் பியானோ நிற்கும் இடத்தைப் பாருங்கள். அப்ரைட் பியானோவில் கம்பிகளின் அதிர்வைப் பெரிய சத்தமாக்கும் ஒலிப்பலகை இருப்பது பின்புறத்தில். நம் வீடுகளில் அதை அடுத்த வீட்டுப் பொதுச் சுவரோடு ஒட்டி வைப்பதுதான் வழக்கம். அதாவது பக்கத்து வீட்டாரின் தலைமாட்டில் வாயை வைத்துப் பேசுவது போல. உங்கள் வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவருக்கு அதை மாற்றி, ஒரு சாண் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அதை எடுத்து உதற வேண்டும். ஈரமும் எலியும் சேர்ந்தால் பியானோவின் உள்ளே இருக்கும் கம்பளித் துண்டுகள் ஒரு பருவம் தாங்காது. நான் திறந்து பார்த்த ஒரு பியானோவில் எலிக்குஞ்சுகள் ஐந்து இருந்தன. சக்கரங்களுக்கு அடியில் ரப்பர் கிண்ணங்கள், கதவடியில் ரப்பர் பட்டை, வாசிக்கும் நேரத்தில் மூடிய ஜன்னல். சென்னையில் மூடிய ஜன்னல் என்றால் ஏசி என்றுதான் பொருள். அந்த மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல அப்ரைட் பியானோக்களில் நடுப் பெடலை மிதித்துப் பூட்டினால் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஒரு கம்பளிப் பட்டை இறங்கி ஒலியை நன்றாகக் குறைக்கும். கடினமான நான்கு பாரை நாற்பது முறை வாசிக்கும் வேலைக்கு அது போதும். ஆனால் அதிலேயே பழகிய பிள்ளைகள் தேர்வறையில் சொந்தச் சத்தத்தைக் கேட்டுத் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பாதி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். என் தலைக்கு மேல் ஓர் அம்மையார் மாலை நான்கு முதல் ஒன்பது வரை பதினொரு பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு எடுக்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? (நங்கநல்லூர்)

பதில்: ஒலி மாசு விதிகள், 2000 என்ற மத்திய அரசின் விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. இது சுற்றுப்புறச் சத்தத்தின் சராசரிக்கான வரம்பே தவிர, ஒவ்வொரு சுரத்துக்கும் பொருந்தும் வரம்பு அல்ல. பகலில் இந்த அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்யலாம். இரவு 10 மணிக்கு மேல் இசைக்கருவி வாசிப்பதற்கே இவ்விதிகளில் தடை உண்டு. அரங்குகள் போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும் விலக்கு. ஆகவே பத்து மணிக்கு மேல் என்றால் உங்கள் கை ஓங்கும். மாலை ஐந்து மணிக்கு அப்படியில்லை.

நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 270-ஆம் பிரிவு பொதுத் தொல்லையைக் குற்றமாக்குகிறது. 292-ஆம் பிரிவின்படி அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அது பொதுமக்களுக்கோ அக்கம்பக்கத்தாருக்குப் பொதுவாகவோ ஏற்படும் தொல்லை. ஒரே ஒரு கீழ்வீட்டாரின் துன்பத்தை அதற்குள் கொண்டுவருவது எளிதன்று. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை உங்கள் வயதில் நான் சொல்லத் தேவையில்லை.

நான் ஆசிரியை என்பதால் அந்த அம்மையாருக்காகப் பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். தன் பிள்ளை வாசிப்பது வேறு, பதினொரு பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கி வகுப்பெடுப்பது வேறு. உங்கள் சங்க விதிகளில் வீட்டில் தொழில் நடத்துவது பற்றி ஏதாவது இருக்கும். அதைப் படித்துவிட்டு, குழுவில் அல்ல, செயலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். எங்கள் குடியிருப்பில் பொதுக்குழுவைக் கூட்டி நாங்கள் முடிவு செய்தது இது: வகுப்பு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், இரவு எட்டுக்கு மேல் இல்லை, பிற்பகல் ஒன்றரை முதல் நான்கு வரை எந்த வீட்டிலும் எந்தக் கருவியும் இல்லை, பொதுத் தேர்வு நடக்கும் நாட்களில் மாணவர் உள்ள தளத்தில் வகுப்பே இல்லை. இதனால் நான் நான்கு மாணவர்களை இழந்தேன். பிறகு தேவாலயத்தை ஒட்டிய ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறோம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் வாசிக்க உரிமை உண்டு என்கிறார்களே, சரியா? (மியூனிக்)

பதில்: பாதி சரி. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 26 அன்று அளித்த தீர்ப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆக்ஸ்பர்க் பகுதியில் வரிசை வீடு ஒன்றில் வாழ்ந்த தொழில்முறை ட்ரம்பெட் கலைஞர் மீது பக்கத்து வீட்டார் தொடுத்த வழக்கு அது. கீழ் நீதிமன்றம் அவருக்கு விதித்த கடுமையான கட்டுப்பாட்டை நீக்கிய நீதிபதிகள், வேலை நாட்களில் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு மற்றும் விடுமுறைகளில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பதைத் தோராயமான வழிகாட்டி அளவாகச் சொன்னார்கள். வழிகாட்டி என்பதைக் கவனியுங்கள். சுவரின் தரம், அண்டை வீட்டில் நோயாளி இருப்பது போன்றவற்றைப் பொறுத்து அது மாறும். உங்கள் வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டு விதிகளையும் அதற்கு முன் படியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்புக் கழக) வீட்டில் இருக்கிறோம். பேசிப் பார்த்தும் பயனில்லை. அடுத்து எங்கே போவது? (செங்காங்)

பதில்: முதலில் சமூக சமரச நிலையம். அதுவும் பலிக்காவிட்டால் 2015 முதல் இயங்கும் சமூகப் பூசல்களுக்கான நடுவர் மன்றம். அது சத்தத்தை நிறுத்த ஆணையிடலாம், 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை இழப்பீடும் விதிக்கலாம். எந்தெந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் என்று இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நோட்டில்லாமல் போனால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர்கள் சொல், அவ்வளவுதான்.

கேள்வி: கீழ்வீட்டார் துடைப்பக் கட்டையால் விட்டத்தை இடிக்கிறார்கள். இடித்தால் இன்னும் பலமாக வாசி என்று என் கணவர் பிள்ளையைத் தூண்டுகிறார். (தாம்பரம்)

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள். 1974 ஆகஸ்டில் ஜப்பானின் ஹிராட்சுகா நகரில், பியானோச் சத்தத்தால் வெறி கொண்ட ஒருவர் அதே குடியிருப்பில் வசித்த தாயையும் இரு மகள்களையும் கொன்றார். எல்லாச் சண்டையும் அங்கே போய் நிற்காது. ஆனால் கட்டையை எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டவரிடம் பலம் காட்டுவது அறிவுடைமை ஆகாது. இடிப்பு கேட்டதும் வாசிப்பை நிறுத்துங்கள். மறுநாள் நீங்கள் போய்ப் பேசுங்கள், உங்கள் கணவரை அனுப்பாதீர்கள்.

கேள்வி: இந்தச் சண்டையெல்லாம் ஒருவழியாக முடிந்துவிட்டது, டீச்சர். ஆனால் இப்போது என் ஒன்பது வயது மகள் பியானோவில் உட்காரவே மறுக்கிறாள். உட்கார்ந்தாலும் கட்டையைத் தொடுவது போலத் தொட்டு எடுத்துவிடுகிறாள். (பெரம்பூர்)

பதில்: இப்படி நான்கு பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதில் கேட்காத அளவுக்கு மெல்ல வாசிப்பார்கள். தோள் இரண்டும் தூக்கியே இருக்கும். அவர்களை "பலமாக வாசி" என்று சொல்லித் திருத்த முடியாது. என்னிடம் படித்த ஒருத்தியை அவள் அம்மாவோடு கீழ்வீட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தவர் இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் இளைஞர். அவர் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று மணிக்குப் பதிலாக மூன்றே முக்காலுக்குத் தொடங்க முடியுமா என்று. முகம் தெரிந்த பிறகு அந்தப் பயம் பாதியாகக் குறைந்தது. உங்கள் மகள் அங்கே போக விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இரண்டு வாரம் தேர்வுப் பாடங்களை ஒதுக்கிவிட்டு, அவளுக்குப் பிடித்ததை மட்டும், நாளைக்கு இருபது நிமிடம் வாசிக்க விடுங்கள். அதையும் கீழ்வீட்டார் கடைக்கோ கோயிலுக்கோ போகும் நேரம் பார்த்து, அவர்கள் வீட்டில் இல்லை என்பதை அவளிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.